சிறகுச் சுருள்: ஒரு புரத வடிவத்தின் வரலாறு

டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் புரதப் பகுதிகளில் பாக்டீரியா முதல் மனிதர் வரை காணப்படுவது ‘சிறகுச் சுருள்’ என்னும் வடிவம். 1952இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், கோழியின் புரதம் ஒன்றில் இதைக் கண்டறிந்தவர்.

புரதங்களின் முப்பரிமாண வடிவத்தை ஆராயும் துறைக்குச் சென்னையில் அதற்கு முன்பே வேர் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் கொலாஜனுக்கு முப்புரிச் சுருள் அமைப்பை முன்வைத்தனர். 1963இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் ராமச்சந்திரன் வெளியிட்ட வரைபடம், அமினோ அமிலச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று வரையறுத்தது. புதிதாகக் கண்டறியப்படும் புரத வடிவம் சரிதானா என்று பார்க்க இன்றும் அந்த வரைபடமே முதல் உரைகல்.

டி.என்.ஏ.வைப் பற்றும் புரதங்களின் வடிவங்கள் 1981 முதல் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. அவ்வாண்டு டேவிட் மெக்கேயும் தாமஸ் ஸ்டைட்சும் ‘கேப்’ என்னும் பாக்டீரியப் புரதத்தின் வடிவத்தை வெளியிட்டனர். அது டி.என்.ஏ.வைப் பற்றியிருக்கும் நிலையிலான வடிவம் 1991இல் கிடைத்தது. புரதத்தின் ஒரு சுருள் டி.என்.ஏ.வின் பெரிய பள்ளத்துக்குள் நுழைந்து உட்காருவதை அது காட்டியது.

உட்கரு கொண்ட உயிரணுக்களில் டி.என்.ஏ. எட்டு ஹிஸ்டோன் புரதங்களாலான உருளையின் மேல், கண்டில் சுற்றிய நூல்போல் சுற்றியிருக்கிறது. இந்த அலகுக்கு நியூக்ளியோசோம் என்று பெயர். டி.என்.ஏ. உள்ளே வந்து வெளியேறும் இடத்தை இணைப்பு ஹிஸ்டோன் என்னும் வேறொரு புரதம் பூட்டுகிறது. பறவைகளின் சிவப்பணுவில் உட்கரு உண்டு. அதில் இந்த வேலையைச் செய்வது எச்5. அதன் இரு முனைகளும் நிலையான வடிவமற்ற வால்கள். நடுவில் சுமார் 80 அமினோ அமிலங்கள் திரண்ட உருண்டைப் பகுதிதான் ஜிஎச்5.

அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் பணியாற்றிய வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் இந்தப் பகுதியைப் படிகமாக்கினார். படிகத்தில் எக்ஸ் கதிரைச் செலுத்தினால் சிதறும் கதிர்களின் செறிவை அளக்கலாம். அவற்றின் கட்டத்தை, அதாவது அலையின் ஏற்ற இறக்க நிலையை, நேரடியாக அளக்க முடியாது. கட்டம் தெரியாமல் வடிவம் கிடைக்காது. இந்தச் சிக்கலைத் தீர்க்க, மெத்தியோனைன் அமிலத்தில் உள்ள கந்தகத்துக்குப் பதிலாகச் செலினியம் ஏற்றிய புரதத்தைத் தயாரித்தனர். வெவ்வேறு அலைநீளங்களில் செலினியம் கதிரைச் சிதறடிக்கும் விதம் மாறும். அந்த வேறுபாட்டிலிருந்து கட்டம் கணக்கிடப்பட்டது. 2.5 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் கிடைத்த வடிவம் 1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது.

மூன்று சுருள்கள் ஒரு கொத்தாக நிற்க, அவற்றையொட்டி மடிந்த இழைகள் சிறகுபோல் நீண்டிருந்தன. பாக்டீரியாவின் கேப் புரதத்தில் டி.என்.ஏ.வைப் பற்றும் பகுதியும் ஏறத்தாழ இதே அமைப்புதான். அமினோ அமில வரிசையை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த உறவு புலப்பட்டிருக்காது. கேப் பற்றும் விதம் முன்பே தெரிந்திருந்ததால், ஜிஎச்5இன் மூன்றாம் சுருளும் பெரிய பள்ளத்தில் பொருந்தும் என ஊகிக்க முடிந்தது. நேர்மின்னேற்றம் கொண்ட லைசின், ஆர்ஜினைன் அமிலங்கள் எதிர்ப்பக்கத்திலும் திரண்டிருந்தன. ஒரே புரதம் இரண்டு டி.என்.ஏ. இழைகளைச் சேர்த்துப் பிடிக்கக்கூடும் என்பதற்கு அது தடயம்.

அதே 1993இல் ஸ்டீபன் பர்லி குழு, கல்லீரல் மரபணுக்களை இயக்கும் எச்என்எஃப்-3 புரதத்திலும் இதே வடிவத்தைக் கண்டது. சிறகுச் சுருள் ஒரு பெருங்குடும்பம் என்பது உறுதியானது.

நியூக்ளியோசோமில் ஜிஎச்5 நடுவிலா, ஒரு பக்கமாகவா அமர்கிறது என்ற விவாதம் இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 2015இல் இரண்டும் இணைந்த படிகத்தின் வடிவம் வெளியானது. ஜிஎச்5 நடு அச்சில் அமர்ந்து, உள்ளே வரும் இழை, வெளியேறும் இழை இரண்டையும் தொட்டிருந்தது.

ராமகிருஷ்ணனுக்கு 2009இல் வேதியியல் நோபல் பரிசைத் தந்தது ரைபோசோம் ஆய்வு. அப்பரிசை அவருடன் பகிர்ந்த இருவரில் ஒருவர், கேப் வடிவத்தைக் கண்ட ஸ்டைட்ஸ். ஜிஎச்5இன் வடிவத்தைப் புரதத் தரவு வங்கியில் ‘1ஹெச்எஸ்டி’ என்ற குறியீட்டில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.