ஒலியாக மிஞ்சிய ஒரு சனிக்கிழமை

எனக்கு மிகப் பிடித்த தொலைக்காட்சி எபிசோடை நான் முழுதாகப் பார்த்ததில்லை. பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் ‘தி டென்த் பிளானெட்’ கதையின் நான்காம் பகுதி அது. 1966 அக்டோபர் 29, சனிக்கிழமை மாலை ஒளிபரப்பானது. படம் போய்விட்டது, ஒலி மட்டும் முழுதாக இருக்கிறது. அதைக் காப்பாற்றித் தந்தவர்கள் பிரிட்டனில் வீட்டில் டேப் ரெக்கார்டர் வைத்திருந்த ரசிகர்கள். அவர்களில் பலர் பள்ளி வயதுப் பிள்ளைகள்.

கதை நடப்பது 1986இல், தென்துருவத்தில். பூமியின் இரட்டைக் கோளான மொண்டாஸ் திரும்பி வருகிறது. அதிலிருந்து இறங்குகிறார்கள் சைபர்மென்: உறுப்பு உறுப்பாக உலோகத்துக்கு மாறி, கடைசியில் உணர்ச்சியையும் கழற்றி வைத்துவிட்ட மனிதர்கள். அவர்களைக் கற்பனை செய்த கிட் பெட்லர் லண்டனில் கண் மருத்துவ ஆராய்ச்சியாளராக இருந்தவர். இந்த முதல் சைபர்மென்களுக்குத் துணி சுற்றிய முகம். கைகள் மட்டும் வெறும் மனிதக் கைகள். பேச்சோ எந்தச் சொல்லை அழுத்துவது என்றே தெரியாததுபோல ஏறி இறங்கும். ஹெட்போனில் அதைக் கேட்கும்போது, பிற்காலத்துப் பளபளக்கும் சைபர்மென் யாரும் தராத பயம் எனக்கு வருகிறது. அந்தக் குரலுக்குப் படமே தேவையில்லை.

இதுதான் வில்லியம் ஹார்ட்னெல் முதல் டாக்டராக, தொடரின் நாயகனாக நடித்த கடைசிக் கதை. உடல்நலம் குன்றி மூன்றாம் பகுதியில் அவர் நடிக்கவே இல்லை. நான்காம் பகுதியை அக்டோபர் 8 அன்று லண்டன் ரிவர்சைடு ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். முதல் பகுதி ஒளிபரப்பானதும் அதே நாளில்தான். முடிவில் டாக்டர் தரையில் விழுகிறார். முகம் வெண்மையாக ஒளிர்கிறது. அந்த வெண்மைக்குள்ளிருந்து அடுத்த டாக்டராகப் பேட்ரிக் ட்ரௌட்டன் வருகிறார். காட்சிகளைக் கலக்கும் மேசையில் உட்கார்ந்திருந்த ஷர்லி கவர்டின் கைவேலை அது. நாயகனை மாற்றியும் தொடரைத் தொடரலாம் என்று பிபிசி துணிந்தது அன்றைக்குத்தான். இத்தனை ஆண்டுகளாக ‘டாக்டர் ஹூ’ வாழ்ந்துவருவது அந்தச் சில நொடிகளின் பலத்தில்.

அப்படிப்பட்டதை ஏன் அழித்தார்கள்? அன்றைய இரண்டு அங்குல வீடியோ டேப் விலை அதிகம். அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்துவதே வழக்கம். நடிகர் சங்க ஒப்பந்தங்கள் மறுஒளிபரப்பைக் கட்டுப்படுத்தின. வீட்டில் வாங்கிப் பார்க்கும் கேசட்டை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. வண்ண ஒளிபரப்பு வந்ததும் கறுப்பு வெள்ளை, இடத்தை அடைக்கும் பழைய சரக்காயிற்று. வெளிநாட்டு விற்பனைக்காகத் திரையைப் படம்பிடித்து 16 மி.மீ. ஃபிலிம் பிரதிகள் போட்டிருந்தார்கள். அவை ஒரு நாட்டு நிலையத்திலிருந்து அடுத்த நாட்டுக்குப் போய், கடைசியில் லண்டனுக்குத் திரும்பும், அல்லது அங்கேயே அழிக்கப்படும். விற்பனை உரிமைக்காலம் முடிந்தபின் அந்தப் பிரதிகளும் குப்பைக்குப் போயின. 1978இல் இயான் லெவின் என்ற ரசிகர் பிபிசி கிடங்கில் பார்த்தபோது, டாக்டரின் எதிரிகளான டேலக்குகள் முதன்முதலில் வரும் கதையின் ஃபிலிம்களே அழிக்கப்படக் காத்திருந்தன. அவர் தலையிட்டதால்தான் அவை தப்பின. காரணங்கள் எல்லாம் எனக்குப் புரிகின்றன, மனம்தான் ஆறவில்லை.

டேப் ரெக்கார்டர் வழக்கத்துக்கு வருகிறேன். ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கை வைத்து, வீட்டில் எல்லோரையும் வாய்மூடச் சொல்லிவிட்டு, இருபத்தைந்து நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும். கெட்டிக்காரர்கள் தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்தே நேராகக் கம்பி இழுத்தார்கள். மறுபடி பார்க்க வழியில்லாத காலத்தில், பிடித்த கதையைத் திரும்ப அனுபவிக்க இருந்த ஒரே வழி அது. காணாமல் போன அத்தனை எபிசோட்களுக்கும் இன்று முழு ஒலி இருப்பது இந்தப் பிள்ளைகளால். படத்துக்கு ஜான் க்யூரா. திரையில் ஓடுவதைப் புகைப்படமெடுத்து, நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்பதைத் தொழிலாகவே நடத்திய லண்டன்காரர். நான்காம் பகுதிக்கும் அவர் எடுத்த படங்கள் கிடைத்திருக்கின்றன. முகம் மாறும் துண்டோ, 1973இல் ‘ப்ளூ பீட்டர்’ என்ற சிறுவர் நிகழ்ச்சி அதை எடுத்துக் காட்டியதால் பிழைத்தது.

2013இல் பிபிசி அந்த ஒலிக்கு அனிமேஷன் வரைந்து டிவிடியாக வெளியிட்டது. நல்ல முயற்சி. ஆனாலும் க்யூராவின் அசையாப் படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பியபடி ஒலியைக் கேட்பதையே நான் விரும்புகிறேன். ஹார்ட்னெலின் களைப்பு, வரைந்த கோட்டில் இல்லை. அந்த முகத்தில் இருக்கிறது.

அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு செய்தி வந்தது. நைஜீரியாவில் ஜோஸ் நகரத்துத் தொலைக்காட்சி நிலையமொன்றில், காணாமல் போயிருந்த ஒன்பது எபிசோட்கள் கிடைத்திருந்தன. அவற்றில் ‘தி வெப் ஆஃப் ஃபியர்’ கதையின் பகுதிகளும் இருந்தன, மூன்றாம் பகுதி மட்டும் இல்லை. அந்த இடத்தில் க்யூராவின் படங்களையும், யாரோ ஒருவர் வீட்டில் பதிவான ஒலியையும் சேர்த்துத்தான் கதையை வெளியிட்டார்கள்.