நிக்ஸி குழாய்க் கடிகாரம்

நியான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய்களுக்குள் ஆரஞ்சு நிறத்தில் எண்கள் ஒளிர்ந்து நேரம் காட்டும் மின்னணுக் கடிகாரம் இது. பெரும்பாலும் ஆர்வலர்கள் வீட்டிலேயே செய்து மரப்பெட்டியில் பொருத்திக்கொள்கிறார்கள். பார்க்கிறவர்கள் தாத்தா காலத்துப் பொருள் என்றே நினைப்பார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகளும் பழம்பொருள் கடைகளும் உள்ள புதுச்சேரியில் ஒரு வரவேற்பறை அலமாரியில் இருந்தால் யாருக்கும் சந்தேகமே வராது. ஆனால் இதன் பாகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வரலாற்றைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இந்த வடிவில் இப்படியொரு கடிகாரம் அந்தக் காலத்தில் அநேகமாக இருந்ததே இல்லை. குழாய் ஒரு தலைமுறை, நேரம் காக்கும் சில்லு இன்னொரு தலைமுறை, மரப்பெட்டியோ இரண்டுக்கும் முந்திய மரபு. மூன்றும் ஒன்றுசேர்ந்து ஒரு பொழுதுபோக்காகப் பரவியது 21ஆம் நூற்றாண்டில்தான்.

நியானை 1898இல் லண்டனில் வில்லியம் ராம்சேயும் மாரிஸ் டிராவர்ஸும் கண்டுபிடித்தார்கள். 1910இல் பாரிஸில் ஜார்ஜ் குளோத் அதை விளக்காக்கிக் காட்டினார். குளோத்தின் விளக்கில் குழாய் முழுவதும் ஒளிரும், நிக்ஸியில் அப்படியில்லை. அதற்குள் 0 முதல் 9 வரை எண் வடிவில் வளைத்த பத்து மெல்லிய உலோக எதிர்மின்வாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். முன்னால் ஒரு கம்பிவலை நேர்மின்வாயாக இருக்கும். ஏறத்தாழ 170 வோல்ட் கொடுத்து ஓர் எண்ணின் சுற்றை மூடினால், அந்த உலோகத்தை ஒட்டியுள்ள வாயு மட்டும் ஒளிரும். சூடேற்றும் இழை கிடையாது, சில மில்லி ஆம்பியர் மின்னோட்டமே போதும். அமெரிக்காவில் ஹேடு சகோதரர்கள் உருவாக்கிய இதை, அவர்களின் நிறுவனத்தை 1954இல் வாங்கிய பரோஸ் நிறுவனம் மறு ஆண்டு சந்தைக்குக் கொண்டுவந்தது. 1961இல் பிரிட்டனில் வந்த அனிட்டா மேசைக் கணிப்பான் இவ்வகைக் குழாய்களில்தான் விடையைக் காட்டியது. வோல்ட் மீட்டர், அலைவெண் அளவி எனச் சோதனைச்சாலைக் கருவிகள் பலவற்றிலும் இவை இடம்பிடித்தன. 1970களில் எல்இடி வந்ததும் மேற்கில் உற்பத்தி தேய்ந்தது. சோவியத் ஒன்றியம் தொடர்ந்து செய்துவந்தது. இன்று ஆர்வலர்கள் வாங்கும் பழைய குழாய்களில் பெரும்பகுதி அங்கிருந்து மிஞ்சிய ஐஎன்-12, ஐஎன்-14 வகைகளே. அவற்றில் 5 என்பது தலைகீழாகத் திருப்பிய 2. தனி அச்சு செய்யும் செலவு மிச்சம்.

இத்தனை கருவிகளில் இருந்த குழாய் ஏன் அன்றைய வீட்டுக் கடிகாரத்துக்குள் வரவில்லை? நேரத்தை எண்ணுவதற்கான செலவே காரணம். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பை ஆதாரமாகக் கொண்டால், அதை 50ஆல் வகுத்தால் விநாடி, 60ஆல் வகுத்தால் நிமிடம், மறுபடி 60ஆல் வகுத்தால் மணி, 24ஆல் வகுத்தால் நாள். இந்த எண்ணிக்கைக்கு மட்டும் இருபதுக்கு மேற்பட்ட இருநிலைச் சுற்றுகள் வேண்டும். தனித்தனி டிரான்சிஸ்டர்களால் செய்தால் நாற்பதுக்குக் குறையாது. குழாய்களை இயக்கும் சுற்று இதில் சேரவில்லை. கடிகாரம் முழுவதையும் ஒரே சில்லில் அடக்கும் வித்தை 1970களின் தொடக்கத்தில் வந்தபோது, குழாய் விடைபெறத் தொடங்கியிருந்தது. சில ஆண்டு இடைவெளியில் இரண்டும் ஒன்றையொன்று தவறவிட்டன. அக்காலத்திலும் நிக்ஸி கடிகாரங்கள் இருந்தனவே, மின்னணு இதழ்களில் சுற்றுப்படங்கள் கூட வந்தனவே என்று மறுக்கலாம். உண்மைதான். ஆனால் அவை பெரும்பாலும் ஆய்வகங்களிலும் கட்டுப்பாட்டு அறைகளிலும் உலோகப் பெட்டிக்குள் இருந்த கருவிகள். வீட்டில் செய்தவர்கள் விதிவிலக்கான சிலர். இன்று டிஎஸ்3231 என்ற சிறு சில்லு ஆண்டுக்கு ஒரு நிமிடம் போலத்தான் பிசகும். 12 வோல்ட் அடாப்டரிலிருந்து 170 வோல்ட் எடுக்கும் பலகையும் கடையில் கிடைக்கிறது.

குழாய் கடிகாரத்துக்காகப் பிறந்ததல்ல என்பதற்கு அதன் நோயே இன்னொரு சாட்சி. நெடுநாள் ஒளிராத எதிர்மின்வாயின் மேல் பக்கத்து எண்களிலிருந்து தெறிக்கும் உலோகத் துகள் படிந்து, பிறகு அந்த எண் அரைகுறையாகவே எரியும். அளவுக் கருவியில் எண்கள் ஓயாமல் மாறுவதால் இது பெரிய தொல்லையாக இருக்கவில்லை. கடிகாரத்திலோ மணியின் பத்தாம் இடத்தில் 0, 1, 2 மூன்றுக்கு மட்டுமே வேலை. அதனால் ஊர் உறங்கும் நேரத்தில் எல்லா எண்களையும் வரிசையாக ஓடவிடும்படி நிரலில் எழுதிவைக்கிறார்கள்.

மரப்பெட்டி வந்த வழி வேறு. வால்வு ரேடியோ கூடத்தில் மேசை நாற்காலியோடு சேர்ந்து நின்ற பொருள் என்பதால் அதற்கு மரவேலை தேவைப்பட்டது. மர்பி, பிலிப்ஸ் பெட்டிகளைப் பார்த்தவர்களுக்கு, ஒளிரும் கண்ணாடி என்றாலே மெருகிட்ட மரமும் நினைவுக்கு வரும். நிக்ஸி கடிகாரம் அந்த நினைவைக் கடன் வாங்கிக்கொள்கிறது. வெறும் அலங்காரம் என்று இதை ஒதுக்கவும் முடியாது. உலோகப் பெட்டியானால் கட்டாயம் எர்த் கொடுக்க வேண்டும். உலர்ந்த மரம் மின்சாரத்தைக் கடத்தாது. ‘உலர்ந்த’ என்ற சொல்தான் புதுச்சேரியில் சிக்கல். கடற்காற்றின் ஈரத்தில் மரம் இழைக்குக் குறுக்காக உப்பும், கோடையில் சுருங்கும். உப்பும் தூசியும் ஈரத்தோடு சேர்ந்து உயர் அழுத்தப் பின்களுக்கு இடையே படிந்தால் மின்கசிவு வரும். ஆகவே இங்கே செய்பவர் சுற்றுப்பலகைக்கு வார்னிஷ் பூசுவதும், மரத்தில் நேரடியாக இல்லாமல் பிளாஸ்டிக் தாங்கியின் மேல் அதைப் பொருத்துவதும் நல்லது. பழைய வீட்டை இடிக்கும்போது கிடைக்கும் தேக்கு, பல பத்தாண்டுகள் இதே காற்றில் இருந்து பழகியதால் புது மரத்தைவிட அடங்கி நிற்கும்.

பழசு போல வேஷம் போடும் புதுப்பொருள் போலிதானே என்பது கடைசி ஆட்சேபம். புதுச்சேரிக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மேரி (நகராட்சி மன்ற) கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு அதே இடத்தில் பழைய தோற்றத்திலேயே எழுப்பப்பட்டது. அதைப் போலி என்று சொல்வது கடினம். பழையது என்று சொன்னால் பொய். கடிகாரத்துக்கும் அதே அளவுகோல் போதும். குழாயின் ஒளி திரையில் வரைந்த சாயல் அல்ல, உண்மையில் வாயு ஒளிர்வதுதான். அதைத் ‘தொன்மையான கடிகாரம்’ என்று விற்றால்தான் பிழை.

அந்தக் குழாய்கூட இனி பழையதாக இருக்க வேண்டியதில்லை. செக் நாட்டின் டாலிபோர் ஃபார்னி 2010களில் நிக்ஸி குழாய்களைக் கையாலேயே மறுபடி செய்யத் தொடங்கினார். கண்ணாடி ஊதும் வேலையையும், கண்ணாடிக்குள் உலோகக் கம்பியைக் காற்றுப்புகாமல் பதிக்கும் முறையையும் அவர் தாமே கற்க வேண்டியிருந்தது. அவருடைய குழாய்களை வாங்கும் பெரும்பாலோர் அவற்றைக் கடிகாரத்துக்கே வாங்குகிறார்கள். வோல்ட் மீட்டருக்காகப் பிறந்த குழாய், இப்போது கடிகாரத்துக்கென்றே ஊதப்படுகிறது.