பிரெஞ்சு மொழி: புலம்பெயர் தமிழ்க் குடும்பங்களில்

1881-ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசாணையின்படி தம் குல வழக்காறுகளைத் துறந்து, பிரெஞ்சுச் சிவில் சட்டத்தையும் புதியதொரு குடும்பப் பெயரையும் ஏற்ற புதுவைத் தமிழரின் சந்ததியார், பிரெஞ்சு இந்தோசீனத்தின் சைகோனில் உத்தியோகத்திலும் சேனையிலும் அமர்ந்து, பின்னர் பிரான்சுக்குப் பெயர்ந்த காலத்தில், பிரெஞ்சு மொழியையும் பிதிரார்ஜித ஆஸ்தி போலவே மக்களுக்கு விட்டுச் சென்றனர். 1826-இல் தோன்றிய புதுவை பிரெஞ்சு லிசே என்னும் பள்ளி இம்மொழி மரபிற்கு நாற்றங்கால். புதுவையை இந்தியாவிடம் ஒப்படைக்க 1956-இல் கையெழுத்தாகிய உடன்படிக்கை 1962-இல் அமலுக்கு வந்தபோது, ஆறு மாதத்திற்குள் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைக் காத்துக்கொண்டோர் சில ஆயிரவர். படைவீரராயிருந்து ஓய்வூதியம் பெறுவோரைப் புதுவையார் 'படைவீரர்' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லால் 'சொல்தா' என்றே வழங்குவர்.

பிரெஞ்சுத் தீவான ரெயூனியனின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழரின் பேரர்க்கோ கிரியோல் மொழியும் பிரெஞ்சுமே வாய்த்தன; தமிழ் கோயில் வழிபாட்டளவில் ஒடுங்கியது, நெஞ்சை வருத்தும் இழப்பாகும்.

பாரிசின் லா சப்பெல் வட்டாரத்தை நாடிய ஈழத்தமிழர் இல்லங்களில் மொழி கீழிருந்து மேலேறுகிறது: அம்மம்மா தமிழில் வினவ, பிரெஞ்சில் விடையிறுக்கும் பேரப்பிள்ளையே, தபாலில் வந்த அரசாங்கக் கடிதத்தைப் பிரித்து, வரிவரியாகப் பெற்றோருக்குப் பொருள் சொல்கிறது.