பாண்டிச்சேரி: மணலைத் தொலைத்த பீச்!

வீக் எண்டுக்கு பாண்டிச்சேரி கிளம்புறீங்களா? குன்றாண்டார்கோவில்காரங்களுக்குச் சொந்த மாவட்டத்துலேயே மணமேல்குடி, கோட்டைப்பட்டினம்னு கடல் இருக்கு. ஆனாலும் லீவு விட்டா திருச்சி, விழுப்புரம் வழியா பாண்டிக்குத்தான் பஸ் ஏறுறாங்க. அங்கே போய் ராக் பீச்சில் நின்னதும் ஒரு கேள்வி வரும். மணல் எங்கே?

அதுக்கு முன்னாடி ஊரைப் பார்த்துடலாம். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945-ல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் ரோமானிய மண்பாண்டங்கள் கிடைத்தன. பிரெஞ்சுக்காரர்கள் வந்தது 1674-ல். 1693-ல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1699-ல் திருப்பிக் கொடுத்தார்கள். 1761-ல் ஆங்கிலேயர்கள் கோட்டையோடு சேர்த்து ஊரையே தரைமட்டமாக்கினார்கள். ஆக, நீங்க செல்ஃபி எடுக்கிற மஞ்சள் கட்டடங்கள் பெரும்பாலும் அதுக்கு அப்புறம் எழுந்தவைதான். நடுவில் ஓடும் பெரிய வாய்க்கால்தான் எல்லை. கிழக்கே பிரெஞ்சுக்காரர்கள், மேற்கே தமிழர்கள். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. சட்டப்படி ஒப்படைத்தது 1962-ல்.

இப்போ மணலுக்கு வருவோம். கிழக்குக் கடற்கரையில் மணல் ஓர் இடத்தில் நிற்காது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் அதை வடக்கே தள்ளும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே தள்ளும். வருஷக் கணக்கு பார்த்தா வடக்கே போறதுதான் அதிகம். 1980-களின் இறுதியில், துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினாங்க. மணல் அதுக்குத் தெற்கேயே தேங்கிடுச்சு. வடக்கே இருந்ததைக் கடல் எடுத்துட்டுப் போச்சு, பதிலுக்கு வரவேண்டியது வரலை. ஊரைக் காப்பாத்தப் பாறைகளைக் கொட்டினாங்க. நாம ரசிக்கிற 'ராக் பீச்' அதுதான்!

பாறை கொட்டின இடம் தப்பிச்சது. ஆனா, அரிப்பு அடுத்தடுத்த குப்பங்களுக்கு நகர்ந்து, தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிற சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரை போயிடுச்சு. படகை ஏத்தி நிறுத்த, வலையைக் காயப்போட மணல் வேணும்ல? டூரிஸ்ட்டுக்குப் பாறை போதும், மீனவருக்குப் போதாது.

ஒரு நல்ல செய்தியும் இருக்கு. தலைமைச் செயலகத்துக்கு எதிரே, கடலுக்கு அடியில் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் செயற்கைத் திட்டு அமைச்ச பிறகு, அந்தப் பகுதியில மட்டும் மணல் திரும்பியிருக்கு.

சாயங்காலம் பீச் ரோட்டில் வண்டிகளை விடமாட்டாங்க. காந்தி சிலையிலிருந்து வடக்கே நடந்தா அந்த மணலில் கால் வைக்கலாம். தண்ணியில மட்டும் இறங்கிடாதீங்க, பக்கத்துலேயே பாறைங்க இருக்கு.