மூடுபனிக்கு இட்ட எல்லைக்கோடு

கடலோடிக்குக் காற்று எவ்வாறோ, விமானிக்கு முகிலும் மூடுபனியும் அவ்வாறே. காற்றுச் சரியில்லை எனக் கண்ட மாலுமி துறையிலே நங்கூரமிட்டுக் காத்திருப்பான். வானிலேறிய விமானத்துக்கோ அத்தகைய துறையில்லை. தாங்கியிலுள்ள பெற்றோல் தீரும்வரையே அது வானில் நிலைக்கும். ஆகவே, எத்தகைய காலநிலையிற் புறப்படலாம், எத்தகைய காலநிலையில் இறங்கலாம் என்பவற்றைத் தரையில் நிற்கும்போதே வரையறுத்துவிட வேண்டும் என்னும் நியதி எழுந்தது. அந்நியதி எளிதிற் பிறந்ததன்று.

ஐக்கிய அமெரிக்காவில் விமானத் தபாற் சேவை 1918ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் திகதி ஆரம்பமாயிற்று. அக்கால விமானிகள் புகையிரதப் பாதைகளையும் ஆறுகளையும் கண்ணாற் கண்டே வழியறிந்தனர். எனினும், வானம் எவ்வாறிருப்பினும் குறித்த நேரத்திற் புறப்பட வேண்டும் என்பதே தபாற் பகுதி மேலதிகாரிகளின் கட்டளை. 1919ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், நியூ யோர்க்கை அடுத்த பெல்மன்ற் பார்க் தளத்தில், மூடுபனியிற் பறக்க மறுத்த விமானிகள் இருவர் வேலையினின்றும் நீக்கப்பட்டனர். ஏனையோர் வேலைநிறுத்தம் செய்தனர். சில நாட்களில் இணக்கம் ஏற்பட்டது. பறப்பதா, நிற்பதா என்பதை வாஷிங்டனிலுள்ள மேசை தீர்மானித்தல் தகாது. தளத்தில் நின்று வானத்தைக் காண்பவரே தீர்மானித்தல் வேண்டும் என்ற கொள்கை அன்று வேரூன்றியது.

காலப்போக்கில் இக்கொள்கை அளவுகளாக வடிவெடுத்தது. முகிலின் அடித்தளம் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் உள்ளது என்பது ஒன்று. கண்ணுக்கு எவ்வளவு தூரம் புலப்படுகின்றது என்பது மற்றொன்று. இவை குறித்த எல்லைக்குக் கீழே இறங்கினால் விமானம் இறங்கலாகாது. சேருமிடம் மூடியிருப்பின் வேறொரு தளத்தை அடைதற்கும், அதன் பின்னரும் சிறிது நேரம் பறத்தற்கும் போதிய பெற்றோல் இருத்தல் வேண்டும்.

விதி ஏட்டில் இருந்தது. நடைமுறையில் அது நெகிழ்ந்தமை 1935ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி வெளிப்பட்டது. நியூ மெக்சிக்கோவின் செனற் சபை உறுப்பினர் புரொன்சன் கற்றிங், தமது தேர்தல் வழக்குக்குரிய அலுவல்களை முடித்துக்கொண்டு தலைநகருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அவர் ஏறிய டி.சி. 2 விமானத்தின் வானொலிக் கருவி இரவு அலைவரிசையிற் சரிவர இயங்கவில்லை. எனினும் பயணம் தொடர்ந்தது. கன்சாஸ் நகரை நெருங்கியபோது அங்கு முகில் அனுமதித்த எல்லையிலும் தாழ்ந்திருந்தது. நூறு மைலுக்கும் அப்பாலுள்ள கேர்க்ஸ்வில் அவசரத் தளத்தை நாடிய விமானம், பெற்றோல் குறைந்த நிலையில், விடியுமுன்னர் மூடுபனியின் கீழே தரையைத் தேடித் தாழப் பறந்து, மிசூரி மாநிலத்து வயல்வெளியொன்றில் மோதியது. கற்றிங் உட்பட ஐவர் மாண்டனர்.

பழி யாருடையது? வானொலி பழுதாகியும் பயணத்தைத் தொடரவிட்டமையும், சேமப் பெற்றோல் போதாமையும் விதிமீறல்கள் என அரசாங்கப் பகுதி நிறுவனத்தைக் குற்றஞ்சாட்டியது. அரசாங்கத்தின் வழிகாட்டும் சாதனங்களே பிழைத்தன என நிறுவனம் மறுத்தது. சட்டம் செய்வதும் அரசாங்கம். வழிகாட்டும் சாதனங்களைப் பேணுவதும் அரசாங்கம். விபத்து நேர்ந்தால் விசாரிப்பதும் அதுவே. தன் குற்றத்தைத் தானே விசாரிக்கும் நீதிபதி எங்ஙனம் நடுநிலை பேணுவான்? கோப்லண்ட் தலைமையிலான செனற் குழு இவ்விடயத்தை ஆராய்ந்தது. 1938ஆம் ஆண்டுச் சட்டம் விமான விபத்துக்களை விசாரிக்கத் தனிச்சபையொன்றை அமைத்தது.

1944ஆம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கையின் வழி, இத்தகைய விதிகள் நாடுகள் பலவற்றுக்கும் பொதுவாயின. இன்று சில விதிவிலக்குகள் நீங்கலாக, ஒவ்வொரு பயணத்திற்கும் மாற்றுத் தளம் குறிக்கப்படுகின்றது. ஜெற் விமானம் இறுதிச் சேமிப்பாக முப்பது நிமிட எரிபொருளைச் சுமக்கின்றது. சாதாரணக் கருவி இறக்கத்தில் இருநூறு அடி உயரம்வரை தாழ்ந்தும் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ புலப்படாவிடின், விமானி மீண்டும் மேலெழுதல் வேண்டும்.

அவ்வாறு மேலெழுந்து வேறு ஊரில் இறங்கிய விமானத்தின் பயணிகள் தாமதத்தை நொந்துகொள்வதுண்டு. ஆயின், அந்த இருநூறு அடிக் கோட்டை வரைந்தது அலுவலகத்து எழுதுகோல் மாத்திரமன்று. மூடுபனியில் தரையைத் தேடி மாண்டோரின் அனுபவமுமே அதனை வரைந்தது.