எடைக்கல்லும் வடிவமும்: தமிழக உலோக மரபில் அணியத்தக்க சிற்பம்

சிற்பிகள் செய்யும் நகையைச் சிற்பமாகவே கருதிப் பேசும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வலுப்பெற்றது. அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் பித்தளைக் கம்பியையும் வெள்ளிக் கம்பியையும் சுத்தியலால் தட்டி, பெரும்பாலும் பற்றவைக்காமல் வளைத்தும் தறைந்தும் சுமார் 1,800 நகைகள் செய்தார். 1942 அக்டோபர் 20 அன்று நியூயார்க்கில் தம் காட்சிக்கூடத்தைத் திறந்துவைத்த கலைச் சேகரிப்பாளர் பெக்கி குக்கன்ஹைம், ஒரு காதில் கால்டர் செய்த காதணியையும் மறு காதில் மீயதார்த்த ஓவியர் ஈவ் தாங்கி செய்ததையும் அணிந்து வந்தார். அரூபக் கலை, மீயதார்த்தக் கலை ஆகிய இரண்டில் எதன் பக்கமும் தாம் சாயவில்லை என்பதை அவர் காதுகளே அறிவித்தன.

காதுக்கொரு அணி தமிழ் வாசகருக்குப் புதியதல்ல. நடராசர் திருமேனிகளில் வலக்காதில் மகர குண்டலமும் இடக்காதில் தோடும் இருப்பது மரபு. ஓருடலில் இரு பாலும் உண்டு என்பதை அந்த வேறுபாடு சொல்கிறது. நாமே முந்தினோம் என்று பெருமை பேச இதைச் சொல்லவில்லை. இரு இடங்களின் வரலாறும் எதிரெதிர்த் திசையில் ஓடியிருக்கிறது என்பதே என் வாதம். அங்கே சிற்பம் பீடத்தை விட்டு உடலுக்கு வந்தது. இங்கே அணிகலனின் கைத்திறன் வளர்ந்து நவீனச் சிற்பமானது. அப்படி ஆனபின் அது உடலுக்குத் திரும்பாததற்குக் காரணம் கற்பனை வறட்சி அல்ல, தராசு.

இந்தத் தராசின் ஆட்சியைப் பார்க்கப் பொதட்டூர்பேட்டை பொருத்தமான ஊர். பள்ளிப்பட்டு வட்டத்தில் உள்ள இந்தத் தறி ஊர், திருத்தணிப் பகுதியோடு 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. நெசவாளர் வீட்டில் பொன் என்பது அலங்காரம் மட்டுமல்ல. நூல் விலை ஏறும்போதும், பாவு கிடைக்காமல் தறி நிற்கும்போதும், காதிலும் கழுத்திலும் கிடப்பதுதான் முதலில் அடகுக்கடைக்குப் போகும். அடகுக்கடையில் கல்லின் எடை கழியும், அரக்கின் எடை கழியும். விற்கப் போனால் வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது. அதாவது வடிவத்துக்காகக் கொடுத்த பணம் முழுதும் நட்டக் கணக்கு. வேலைப்பாடு கூடக் கூடச் சேதாரமும் கூடும் என்பதால், சிற்றூர் வீடு வேலைப்பாடு குறைந்த நகையைத் தேர்ந்தெடுப்பது ரசனைக் குறைவு ஆகாது. அது நன்றாகத் தெரிந்து எடுக்கும் பொருளாதார முடிவு.

இந்த மனநிலை பழையது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் முதலாம் இராசராசன் காலத்தில் திருமேனிகளுக்கு அளித்த அணிகலன்களைக் கழஞ்சு, மஞ்சாடி அளவில் நிறுத்துப் பதிந்திருக்கின்றன. ஆடவல்லான் என்று பெயரிட்ட எடைக்கல்லே அதற்கு உண்டு. முத்துகளின் வகையும் எண்ணிக்கையும் வருகின்றன. அரக்கையும் சட்டத்தையும் சேர்த்து எடுத்த எடை எது என்பதுகூட வருகிறது. இத்தனை நுணுக்கமான பதிவுகளின் அக்கறை எடையிலும் கொடுத்தவர் பெயரிலும்தான் குவிகிறது. செய்த தட்டாரின் கற்பனை அவற்றின் பொருளல்ல. அந்த நகைகள் இன்று நம்மிடம் இல்லை. அவற்றின் சாயலைச் செப்புத் திருமேனிகளின் மேல்தான் காண முடிகிறது.

அப்படிக் காண, பொதட்டூர்பேட்டை இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே ஒரு பெரும் சான்று கிடைத்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராசர், திருவாசி இல்லாமலே நிற்பவர். அவரது புகைப்படங்களைப் பார்த்துச் சிற்பி ரோதின் எழுதிய கட்டுரை 1921இல் வெளியானது. ரோதின் பேசியது பெரும்பாலும் உடலின் வளைவுகளை. நான் பார்க்கச் சொல்வது அந்த உடலின் மேல் ஓடும் அணிகளை. திருமேனி வார்ப்பில் ஆரமும் தோள்வளையும் முதலில் மெழுகில் பிறக்கின்றன. ஸ்தபதி மெழுகை நூலாகத் திரித்து, சிறு மணிகளாக உருட்டி, சூட்டுக்கோலால் மெழுகு உருவத்தின் மேல் ஒட்டுகிறார். பிறகு மண் பூசி, சூடேற்றி மெழுகை வடித்து, உலோகத்தை ஊற்றுகிறார். பொற்கொல்லர் கம்பியை முறுக்கி மணியைப் பற்றவைக்கும் செயலும் இதுவும் கையளவில் ஏறக்குறைய ஒன்றே. உடலும் அணியும் ஒரே வார்ப்பில் பிறப்பதால், நகை எங்கே முடிகிறது, சிற்பம் எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

இந்த மரபு நவீனக் கலைக்குள் நுழைந்த வழி சென்னைக் கலைப் பள்ளி. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய அந்தப் பள்ளி கைவினைகளோடு நெருங்கியே வளர்ந்தது. அதன் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1966இல் மாணவர்களையும் சக கலைஞர்களையும் சேர்த்து ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார். பாத்திக் முதலான கைவினைப் பொருள்களை விற்ற பணம்தான் அந்த நிலத்துக்கும் வாழ்க்கைக்கும் உதவியது.

அங்கிருந்த பி.வி. ஜானகிராமின் செப்புத் தகட்டுச் சிற்பங்களே என் வாதத்தின் மையம். கோயில் மூலவருக்குச் சாத்தும் வெள்ளிக் கவசத்தை நினைத்துக்கொள்வோம். அதற்குப் பின்புறம் தேவையில்லை; பார்ப்பவரை நோக்கிய முகமும் மார்பும் போதும். தகட்டை அரக்கின் மேல் வைத்துப் புடைத்தெடுத்து, உளியால் நகாசு செய்வார்கள். ஜானகிராம் அந்த முன்முகப் பார்வையையும் தகட்டையும் எடுத்துக்கொண்டு உள்ளிருக்கும் கல்லை நீக்கிவிட்டார். செப்புத் தகட்டின் மேல் கம்பிகளைப் பற்றவைத்துக் கோடுகளாக ஓடவிட்டார். அமிலத்தால் கருமை ஏற்றினார். அணிந்தவர் இல்லாத அணி தானே உருவமாகி நிற்கிறது. பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் (1946–2017) செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து, வெள்ளி முலாமும் எனாமல் வண்ணமும் சேர்த்தார். அவரது உருவங்களில் தொங்கல்களும் மணிகளும் வாகனங்களும் ஒரு மாபெரும் பதக்கத்தின் உறுப்புகளாகக் கோத்து நிற்கின்றன. சென்னைச் சிற்பத்தின் தனி முகம் என்று விமர்சகர்கள் குறிப்பிடும் முன்முக நோக்கு, தட்டாரின் பட்டறையிலிருந்தும் கோயில் அணிச் சாத்துப்படியிலிருந்தும் வந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இவை எல்லாம் செம்பிலும் பித்தளையிலும் நிகழ்ந்ததைத் தற்செயல் என்று விட்டுவிட முடியாது. 1963 சனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் புதிய நகைகளுக்கு 14 காரட் வரம்பு வைத்தன. நாடெங்கும் பொற்கொல்லர் குடும்பங்கள் வேலையிழந்து நொந்தன. 1966இல் அந்த வரம்பு நீங்கினாலும், 1968ஆம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை நீடித்தது. சிற்பிகள் மலிவு உலோகத்துக்குப் போனதற்கு இந்தச் சட்டம் காரணம் என்று நான் சொல்லவில்லை. செம்பு அவர்கள் கைக்கு எட்டியது, அவ்வளவே. ஆனால் அதே ஆண்டுகளில் பொன் அச்சத்தின் பொருளாகவும் செம்பு சோதனையின் பொருளாகவும் பிரிந்தன. செம்பில் தவறு செய்யலாம், வெட்டி எறியலாம். கால்டருக்குப் பித்தளை தந்த சுதந்திரமும் இதுவே. அவர் 1955இல் அகமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தின் விருந்தினராகத் தங்கியபோதும் சிற்பங்களோடு நகைகளும் செய்தார்.

பொன்னிலேயே முழுமையான அரூபச் சிற்பம் தமிழகத்தில் இருந்தது, அது பாம்படம். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளில் மூதாட்டிகள் அணிந்தது. சதுரத் தகடு, உருண்டை, கூம்பு, முடிச்சு என்று தனித்தனியாக மெல்லிய பொற்றகட்டில் செய்து, உள்ளே அரக்கு நிரப்பி, ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்துவார்கள். பூவும் இல்லை, மாங்காயும் இல்லை. கனவடிவங்களின் சேர்க்கை மட்டும். அதை அணிய உடலையே சிறுவயதிலிருந்து தயாரிக்க வேண்டும். காது குத்தி, ஓலைச் சுருளும் பிறகு ஈயக் குணுக்கும் மாட்டி மடலை வளர்ப்பார்கள். வளர்ந்த மடல் தோளை நோக்கித் தொங்க, நடையின் அசைவில் அந்த வடிவங்கள் ஆடும். கால்டரின் தொங்கு சிற்பங்களைப் பார்த்த கண்ணுக்கு இந்த அசைவின் அழகு உடனே புரியும்.

இதைக் கலை என்பதற்கு மறுப்பு உண்டு. செய்தவர் தம் பெயரில் புதுமை தேடவில்லை. அணிந்தவருக்கு அது சமூக அடையாளமும் சேமிப்பும். மடல் வளர்த்த வலியைச் சிறுமியிடம் யாரும் கேட்டுச் செய்யவில்லை. மூன்றும் உண்மை. கடைசியதை எந்த அழகும் ஈடுசெய்யாது. ஆயினும் கையொப்பம் இல்லாததால் வடிவச் சிந்தனை இல்லை என்றாகாது. அந்தச் சதுரத்துக்கு மேல் உருண்டை எங்கே அமர வேண்டும், எடை எப்படிச் சாய வேண்டும் என்பதை யாரோ ஒருவர் தம் கண்ணால் முடிவு செய்திருக்கிறார். மடல் வளர்க்கும் வழக்கம் மறைந்தது நன்று. காதைத் தைத்துக்கொண்ட பேத்திகளுக்குக் கம்மல் செய்ய அந்தப் பாம்படங்கள் உருகிப்போனதுதான் இழப்பு. மிஞ்சியவற்றில் பல வெளிநாட்டு அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளர்களிடமும் இருக்கின்றன. 2023இல் வந்த ‘தண்டட்டி’ திரைப்படம் இறந்த மூதாட்டியின் காதணியைச் சுற்றியே கதையை நகர்த்தியது. அங்கும் உறவினரின் கண் அதன் விலையில்தான்.

இன்றைய நிலைக்கு வருவோம். 2021 முதல் கட்டாயமான ஹால்மார்க் முத்திரையில் பி.ஐ.எஸ். சின்னமும் தூய்மை அளவும் ஆறு எழுத்து-எண் கொண்ட அடையாளக் குறியும் உண்டு. வாங்குபவருக்கு அது பெரும் பாதுகாப்பு. வடிவமைத்த கையின் பெயருக்கு அதில் இடமில்லை. அதே 2021இல் இந்து சமய அறநிலையத் துறை, பயன்பாட்டில் இல்லாத காணிக்கைப் பொன்னை உருக்கிக் கட்டிகளாக்கி வங்கியில் முதலீடு செய்யும் திட்டத்தை அறிவித்தது. ஓய்வுபெற்ற நீதிபதிகள் மேற்பார்வை செய்கிறார்கள். அறங்காவலர் நியமனம் பற்றி உயர் நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. கணக்கு பற்றிய அந்த விவாதம் தேவையானதே. ஆனால் காணிக்கையாக வரும் பொன்னில் பெரும்பாலானது எளிய தாலிப் பொட்டும் மோதிரமும் என்றாலும், பழைய வேலைப்பாடுள்ள அணி ஒன்றிரண்டு கலந்திருக்கக் கூடும். எடைக்கல்லுக்கு முன் ஓவியக் கல்லூரியிலிருந்து ஒருவரும் பட்டறை அனுபவமுள்ள தட்டார் ஒருவரும் உட்கார வேண்டும். ஒவ்வொரு வேலைப்பாட்டு அணியையும் முன், பின், பக்கவாட்டுப் படங்களோடும் பற்றவைப்பு, தறை, அரக்கு பற்றிய குறிப்போடும் பதிய வேண்டும். செய்த ஊர் தெரிந்தால் அதையும், செய்தவர் பெயர் தெரிந்தால் அதையும் எழுத வேண்டும். அடகுக்கடைகளிலும் பழைய நகை வாங்கும் கடைகளிலும் ஒரு கைப்பேசிப் படமாவது எடுத்துவைக்கச் சொல்லி மாவட்டக் கைத்தொழில் மையங்கள் கேட்கலாம். அந்தப் படங்கள் சேர்ந்தால், செம்பிலும் பித்தளையிலும் நகை செய்ய வரும் இளம் சிற்பிக்கு முதல் வடிவ நூல் கையில் கிடைக்கும்.