எண்ணிக்கையைக் கண்ணால் காணும் உரிமை



வாக்களிக்கும் உரிமையைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். போட்ட வாக்கு சரியாக எண்ணப்பட வேண்டும் என்பதும் அதற்குக் குறையாத உரிமையாகும். எண்ணும் வேலையைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்த மூன்று ஐரோப்பிய நாடுகள், பின்னர் அவ்வேலையை அதனிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டன. அந்த வரலாற்றையே இன்று காணப் போகிறோம்.

முதலாவது நெதர்லாந்து. அங்கே பெரும்பாலான ஊர்களில் மக்கள் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தி வாக்களித்து வந்தனர். மாலையில் இயந்திரமே கூட்டித் தொகையைச் சொல்லிவிடும். வாக்குச் சீட்டு கிடையாது, பெட்டியும் கிடையாது. 2006 அக்டோபரில் ராப் கோங்கிரைப் என்பவரும் அவருடைய நண்பர்களும் அந்த இயந்திரத்தைத் திறந்து, தொலைக்காட்சியில் மக்களுக்குக் காட்டினார்கள். என்ன செய்ய வேண்டும் என்று இயந்திரத்துக்குக் கட்டளையிடுபவை அதனுள் இருக்கும் சிறு சில்லுகள். அவற்றைச் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். மாற்றிவிட்டால், ஒரு கட்சிக்கு விழுந்த வாக்கை இன்னொரு கட்சியின் கணக்கில் எழுத வைக்கலாம். வாக்கு எண்ணுவதற்கென்றே செய்யப்பட்ட அந்த இயந்திரத்தைச் சதுரங்கமும் ஆட வைத்தார்கள்! அதிலிருந்து கசியும் வானொலி அலைகளைக் கொண்டு, வாக்களிப்பவரின் இரகசியத்தை வெளியிலிருந்தே அறியக்கூடும் என்பதும் தெரியவந்தது. 2008-இல் அந்நாட்டு அரசாங்கம் வாக்குச் சீட்டுக்கும் சிவப்புப் பென்சிலுக்கும் திரும்ப முடிவு செய்தது.

இரண்டாவது அயர்லாந்து. அதே நிறுவனத்தின் இயந்திரங்களில் ஏறத்தாழ 7,500-ஐ அந்நாடு வாங்கியது. செலவு 5 கோடி யூரோவுக்கும் அதிகம். 2002-இல் சில தொகுதிகளில் மட்டும் அவை சோதனையாகப் பயன்பட்டன. 2004-இல் ஆராய்ந்த ஆணைக்குழு, எண்ணிக்கை சரியாக இருக்குமென உறுதி கூற இயலவில்லை என்றது. 2009-இல் திட்டம் கைவிடப்பட்டது. 2012-இல் அவை சுமார் 70,000 யூரோவுக்குப் பழைய இரும்பாக விலைபோயின.

மூன்றாவது ஜெர்மனி. 2005 பொதுத் தேர்தலில் சுமார் 20 இலட்சம் வாக்காளர்கள் இத்தகைய இயந்திரங்களில் வாக்களித்தனர். தந்தையும் மகனுமாக இருவர் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 2009 மார்ச் 3-ஆம் நாள் அந்நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தவறு நடந்ததற்கு அடையாளம் ஏதும் கிடைக்கவில்லை. ஆகையால் தேர்தல் முடிவு செல்லும் என்றது. ஆயினும், அந்த இயந்திரங்களைப் பயன்படுத்தியது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்றும் கூறியது. ஏன்? தனிப்பட்ட தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகனும் வாக்கு எண்ணப்படுவதைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்பதே நீதிமன்றம் காட்டிய காரணம்.

நேயர்களே, இந்தத் தீர்ப்பின் பொருளைத் தோட்ட மக்களாகிய நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பால் நிறுக்கும்போது வெட்டுக்காரர் தராசு முள்ளைப் பார்க்கிறார். கிராணி புத்தகத்தில் எழுதுவதையும் பார்க்கிறார். கிராணி நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் பாலை அறைக்குள் கொண்டுபோய், கதவைச் சாத்தி நிறுத்து, "இன்று உன் கணக்கு இவ்வளவுதான்" என்று சொன்னால் யார் மனம் ஒப்பும்? குறைந்த கணக்குப் பெற்றவர் சந்தேகப்படுவார். நிறுத்தவரிடமும் தம் நேர்மைக்குச் சான்று இராது.

தேர்தலிலும் அப்படித்தான். வென்றவர் கணக்குக் கேட்கமாட்டார், தோற்றவர் கேட்பார். அவர் தோல்வியை ஏற்றுக்கொண்டு அமைதியாக வீடு திரும்புவதற்கு, எண்ணிக் காட்டக்கூடிய சீட்டுகள் வேண்டும். கணிப்பொறி வேண்டாம் என்பது இதன் பொருளன்று. அது விரைவாகக் கூட்டித் தரட்டும். அது சொன்ன தொகையைச் சரிபார்க்கக் கையில் சீட்டு இருக்கட்டும்.

நம் மலேசியாவில் சீட்டில் குறியிட்டுப் பெட்டியில் போடுகிறோம். வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் அவை எண்ணப்படுகின்றன. தொகை 14-ஆம் எண் பாரத்தில் எழுதப்பட்டு, முகவர்களுக்கும் பிரதி தரப்படுகிறது. எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் அதனைக் கூட்டிப் பார்க்கலாம். அடுத்த தேர்தலில் நம் இளைஞர்கள் வாக்களித்ததோடு நின்றுவிடாமல், எண்ணும் இடத்தில் முகவராக உட்காரவும் முன்வர வேண்டும். அந்த நாற்காலி காலியாக இருந்தால் சீட்டு இருந்தும் பயனில்லை.